கேபின் வகை இருக்கட்டும்... நம்பர் என்ன?

சொகுசுக் கப்பலில் கட்டணம் கேபினின் வகையைப் பொறுத்தது. நிம்மதி, அது இருக்கும் இடத்தைப் பொறுத்தது. பணம் கட்டும் முன் டெக் பிளானைப் படிப்பது எப்படி?

ஒரே கப்பல், ஒரே தேதி. இரண்டு குடும்பங்களுக்கும் பால்கனி கேபின். கட்டணத்தில் ஒரு ரூபாய் வித்தியாசம் இல்லை. அறையின் அளவும் மெத்தையும்கூட ஒன்றுதான். முதல் குடும்பத்தின் தலைக்கு மேலே இன்னொரு கேபின் இருக்கிறது. அங்கே யாரோ தூங்குகிறார்கள். இரண்டாவது குடும்பத்தின் தலைக்கு மேலே இருப்பது பஃபே சாப்பாட்டுக் கூடம். நள்ளிரவு வரை தட்டு ஏற்றிய தள்ளுவண்டிகள் உருள்கின்றன. விடியற்காலையில் தரையைக் கழுவிவிட்டு நாற்காலிகளை இழுத்துப் போடுகிறார்கள். கப்பலை விட்டு இறங்கும்போது முதல் குடும்பம் அடுத்த வருடம் எங்கே போகலாம் என்று பேசிக்கொண்டு வரும். இரண்டாவது குடும்பத்துக்கு வீட்டுக்குப் போய்த் தூங்கினால் போதும் என்றிருக்கும்.

விளம்பரப் புத்தகத்தின் பளபளப்பான படங்களில் இந்த வித்தியாசம் தெரியாது. கப்பல் கம்பெனிகள் எல்லாமே வெளியிடும் தளவாரியான வரைபடத்தில், அதாவது டெக் பிளானில், அது பளிச்சென்று தெரியும். அதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

நான்கு வகை, நூறு இடம்

டிராவல் ஏஜென்ட் கேட்கும் முதல் கேள்வி, ‘இன்சைடா, ஓஷன் வியூவா, பால்கனியா, சூட்டா?’ என்பது. இன்சைடு என்றால் ஜன்னலே இல்லாத உள்ளறை. ஓஷன் வியூவில் கண்ணாடி ஜன்னல் உண்டு, திறக்க முடியாது. பால்கனியில் வெளியே நாற்காலி போட்டு உட்காரலாம். சூட் என்றால் இடம் தாராளம், விலையும் தாராளம். பெரும்பாலானவர்கள் இந்த நான்கில் ஒன்றைச் சொல்லிவிட்டு கார்டை நீட்டிவிடுகிறார்கள். அந்த வகையில் நூற்றுக்கணக்கான கேபின்கள் இருக்கும். அதில் எது என்று கேட்பவர்கள் குறைவு.

நமக்குப் பக்கத்தில் ஓடும் இரண்டு கப்பல்களை எடுத்துக்கொள்வோம். 2022 ஜூனில் கோர்டீலியா குரூஸஸின் ‘எம்ப்ரஸ்’ சென்னைத் துறைமுகத்திலிருந்து பயணத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் போனது. அதே 2022 ஜூனில் ரிசார்ட்ஸ் வேர்ல்ட் குரூஸஸ், சிங்கப்பூரிலிருந்து ‘ஜென்டிங் ட்ரீம்’ கப்பலை இயக்கத் தொடங்கியது.

எம்ப்ரஸ் 1990-ல் பிரான்ஸில் ‘நோர்டிக் எம்ப்ரஸ்’ என்ற பெயரில் கட்டப்பட்டது. நீளம் சுமார் 211 மீட்டர். ஜென்டிங் ட்ரீம் 2016-ல் ஜெர்மனியின் மேயர் வெர்ஃப்ட் தளத்தில் கட்டப்பட்டது. நீளம் 335 மீட்டர். பழைய கப்பலில் பால்கனி வைத்த கேபின்கள் கொஞ்சம்தான். உள்ளறையும் ஜன்னல் அறையுமே அதிகம். புதியதில் பெரும்பாலான கேபின்களுக்குப் பால்கனி உண்டு. கேபின்கள் அத்தனையும் கடல் பார்க்க அமைந்த, பலவற்றுக்குப் பால்கனியும் வைத்த ‘ராயல் பிரின்சஸ்’ கப்பலுக்கு 1984-ல் இளவரசி டயானா பெயர் சூட்டினார். பால்கனி மோகம் வேகமெடுத்தது அதற்குப் பிறகுதான். ஆகவே சென்னைக் கப்பலில் ஏறுகிறவர் ‘எந்தத் தளம், எந்தப் பகுதி’ என்று பார்க்க வேண்டும். சிங்கப்பூர்க் கப்பலில் ஏறுகிறவர் ‘இத்தனை பால்கனியில் எது’ என்று பார்க்க வேண்டும்.

கப்பலில் இடம் பார்ப்பது தமிழனுக்குப் புதிதல்ல. 1926-ல் கட்டப்பட்ட ‘ராஜுலா’, சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பல பத்தாண்டுகள் போய்வந்தது. கேபின் பயணிகள் சிலர். ‘டெக்’ டிக்கெட்டில் போனவர்களோ ஆயிரக்கணக்கானவர்கள். அவர்களுக்கு அறை கிடையாது. பாயை விரித்த இடமே அறை. ராஜுலாவுக்குப் பிறகு அந்த வழியில் ஓடிய ‘எம்.வி. சிதம்பரம்’ 1985-ல் தீவிபத்துக்குள்ளாகும் வரை நம் ஊர்க்காரர்களைச் சுமந்தது. இன்று பாய்க்குப் பதில் பஞ்சு மெத்தை வந்துவிட்டது. கடல் மட்டும் மாறவில்லை.

எந்த இடம் ஆடாது?

அரசு பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து கிராமத்துச் சாலையில் போனவர்களுக்கு இதைப் பாடம் நடத்த வேண்டியதில்லை. பஸ்ஸும் ஒன்று, பள்ளமும் ஒன்று. நடு சீட்காரர் லேசாக அசைவார், கடைசி சீட்காரர் எகிறி விழுவார். கப்பலிலும் அதே கணக்குதான்.

கப்பல் முக்கியமாக இரண்டு விதமாக ஆடும். நம் மீனவர்கள் அணியம் என்று சொல்லும் முன்முனை மேலே எழும்பி, பின்முனை கீழே இறங்கி, மறுபடி மாறுவது ஒன்று. இடமும் வலமுமாகச் சாய்வது இன்னொன்று. முதல் அசைவுக்குக் கப்பலின் நடுப்பகுதிதான் அச்சு. அச்சிலிருந்து தள்ளிப் போகப் போக ஆட்டம் கூடும். கணக்குப் போட்டே பார்க்கலாம். கப்பல் 1 டிகிரி மட்டும் தலை தூக்குகிறது என்று வையுங்கள். நடுவிலிருந்து 20 மீட்டர் தள்ளியிருக்கும் கேபின் சுமார் 35 சென்டிமீட்டர் ஏறும். 120 மீட்டர் தள்ளி, அணியத்தை ஒட்டியிருக்கும் கேபின் 2 மீட்டருக்கு மேல் ஏறும். ஒரு ஆள் உயரத்துக்கு மேல் ஏறி, அதே அளவு இறங்கவும் செய்யும்.

பக்கவாட்டுச் சாய்வில் நீளம் முக்கியமில்லை, உயரம்தான் முக்கியம். 3 டிகிரி சாய்ந்தால், அச்சிலிருந்து 5 மீட்டர் உயரத்தில் இருப்பவர் சுமார் 26 சென்டிமீட்டர் நகர்வார். 30 மீட்டர் உயரத்தில் இருப்பவர் ஒன்றரை மீட்டர் நகர்வார். மேல்தளம் என்றாலே உசத்தி என்று கூடுதல் பணம் கட்டிப் போகிறவர் அந்த ஆட்டத்தையும் சேர்த்தே வாங்குகிறார்.

‘இப்போதுதான் ஸ்டெபிலைசர் இருக்கிறதே’ என்பார்கள். உண்மைதான். நீர்மட்டத்துக்குக் கீழே இரு பக்கமும் இறக்கைபோல நீளும் அந்தத் தகடுகள் பக்கவாட்டுச் சாய்வை நன்றாகவே குறைக்கும். ஆனால் கப்பல் ஓடிக்கொண்டிருந்தால்தான் அவை வேலை செய்யும். முன்னும் பின்னும் தூக்கிப் போடுவதை அவற்றால் அவ்வளவாகத் தடுக்க முடியாது. ஐந்தாறு விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அசைவுதான் வயிற்றை அதிகம் கலக்கும். தலைசுற்றல், வாந்தி என்று பயப்படுகிறவர்கள் கீழ்த்தளங்களில், கப்பலின் நடுப்பகுதியில் அறை எடுப்பது நல்லது. முடிந்தால் ஜன்னலோடு எடுங்கள். உள்ளறையில் கண்ணுக்கு எல்லாம் அசையாமல் நிற்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்போ அசைகிறது என்கிறது. இந்த முரண்தான் மயக்கத்துக்கு மூலகாரணம். தொடுவானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாலே பாதி சரியாகிவிடும். மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இஞ்சி மரப்பா பையில் இருக்கட்டும்.

எல்லாப் பயணத்துக்கும் இந்தக் கவலை தேவையில்லை. சிங்கப்பூர் - பினாங்கு வழி மலாக்கா நீரிணைக்குள்ளேயே போகிறது. ஒரு பக்கம் சுமத்ரா, மறு பக்கம் மலேசியா. பெரிய அலைக்கு அங்கே வழியில்லை. அணியத்தில் மலிவாகக் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம். அதே கப்பல் புக்கெட் வரை போனால், நீரிணையைத் தாண்டியதும் அந்தமான் கடல். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அங்கே தன் வேலையைக் காட்டும். இலங்கைப் பயணத்திலும் இப்படித்தான். ஜூன், ஜூலையில் திருகோணமலைப் பக்கம் கடல் சாதுவாகக் கிடக்கும். தெற்கே அம்பாந்தோட்டையை நெருங்கும்போது அலை எழும்பும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தேதியையும் வழியையும் பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள்.

தலைக்கு மேலே என்ன?

கடல் அமைதியாக இருந்தாலும் கப்பல் அமைதியாக இருக்காது. அது பகலிரவு ஓயாத ஒரு ஊர். அந்த ஊரில் நம் தெரு எங்கே என்பதுதான் கேள்வி.

டெக் பிளானை எடுத்து, நமக்கு ஒதுக்கும் கேபினில் விரலை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தளம் மேலே போய் அதே இடத்தைப் பாருங்கள். நீச்சல்குளத் தளமா? அப்படியானால் சாய்வு நாற்காலிகளைத் தரதரவென்று இழுக்கும் சத்தம் அலாரம் இல்லாமலே எழுப்பிவிடும். உடற்பயிற்சிக் கூடமா? எடை தூக்குகிறவர் ‘தொம்’மென்று கீழே போடுவார். சமையற்கட்டா? அங்கே விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். அடுத்து ஒரு தளம் கீழே பாருங்கள். அரங்கமோ டிஸ்கோவோ இருந்தால் பாட்டு கேட்காவிட்டாலும் ‘தும் தும்’ என்ற அதிர்வு கட்டில் வழியாக ஏறிவரும். வரைபடத்தில் எதுவும் எழுதாமல் வெற்றிடமாக விட்டிருக்கும் பகுதிகளில் பெரும்பாலும் ஊழியர்களின் வேலைப் பகுதி, பண்டக அறை, இயந்திர அறை போன்றவை இருக்கும். வெள்ளையாகத் தெரிவதால் அமைதி என்று நினைத்துவிட வேண்டாம்.

மேலேயும் கேபின், கீழேயும் கேபின், இரு பக்கமும் கேபின் என்று அமைந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது.

கீழ்த்தளத்தில், அணியத்தை ஒட்டி அறை எடுப்பவர்களுக்கு வேறொரு விருந்து காத்திருக்கும். துறைமுகத்தை நெருங்கும்போது கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்த, முன்புறத்தில் குறுக்கே வைத்த ‘த்ரஸ்டர்’ என்னும் விசிறிகளை இயக்குவார்கள். காலையில் கரை சேரும் நாட்களில் அந்த உறுமலும் நடுக்கமும் சரியாகத் தூக்க நேரத்தில் வரும். நங்கூரம் போடும் ஊராக இருந்தால் சங்கிலி கடகடவென்று இறங்கும் ஓசையும் சேர்ந்துகொள்ளும். பின்முனையில் கீழ்த்தளங்களில் உந்துவிசிறியின் அதிர்வு தெரியும். மின்மோட்டாரை வெளியே ஒரு கூட்டில் தொங்கவிடும் ‘அஸிபாட்’ முறை 1998-ல் ‘கார்னிவல் இலேஷன்’ வழியாகச் சொகுசுக் கப்பல்களுக்கு வந்த பிறகு இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. எம்ப்ரஸ் அதற்கு முந்தைய தலைமுறைக் கப்பல் என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னும் இரண்டு சங்கதி. பக்கத்து அறைக்குப் போக நடுவில் கதவு வைத்த ‘கனெக்டிங்’ கேபின்கள் உண்டு. இரண்டு அறையும் நம் குடும்பம் என்றால் இதைவிட வசதி இல்லை. பக்கத்தில் முன்பின் தெரியாதவர்கள் வந்தால், அவர்கள் வீட்டுச் சண்டையில் நாமும் பஞ்சாயத்துக்குத் தயாராக வேண்டியதுதான். சுவரைவிடக் கதவு வழியாகச் சத்தம் சுலபமாக வரும். டெக் பிளானில் இரண்டு அறைகளுக்கு நடுவே சிறு அம்புக்குறியோ புள்ளியோ இருந்தால் அது கதவு. லிஃப்ட்டுக்கு நேர் எதிரே அறை எடுத்தால் நள்ளிரவு வரை ‘ஹோ’வென்ற பேச்சு கேட்கும். ஐந்தாறு கதவு தள்ளி எடுத்தால் நடையும் குறைவு, சத்தமும் குறைவு.

இடமா, வலமா?

கேபின் எண்ணிலேயே விஷயம் இருக்கிறது. முதல் இலக்கம், பெரிய கப்பல்களில் முதல் இரண்டு இலக்கங்கள், தளத்தைச் சொல்லும். பல கப்பல்களில் ஒரு பக்கம் முழுவதும் ஒற்றைப்படை, மறு பக்கம் இரட்டைப்படை. எந்தப் பக்கம் எது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சில கப்பல்களில் நடைபாதைக் கம்பளத்தில் மீன் படம் போட்டிருப்பார்கள். மீன் தலை காட்டும் பக்கம்தான் கப்பலின் முன்பக்கம். அரைகிலோமீட்டர் வழி தவறி நடந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு நோக்கி வடமேற்கே போகும்போது மலேசியக் கரை வலப்பக்கம். சூரியன் உதிப்பதும் பொதுவாக அந்தப் பக்கம்தான், அஸ்தமனம் இடப்பக்கத்துக்காரர்களுக்கு. சென்னையிலிருந்து திருகோணமலைக்குத் தெற்கே போனால் இடப்பக்கம் உதயம், வலப்பக்கம் இலங்கைக் கரை. திரும்பி வரும்போது எல்லாம் தலைகீழ். போன வழியிலேயே திரும்பும் பயணத்தில் பக்கத்துக்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. ஒரு வழிப் பயணத்தில்தான் பக்கம் பார்க்க வேண்டும். கனடாவின் வான்கூவரிலிருந்து அலாஸ்காவுக்கு வடக்கே போகிறவர்கள் கரை தெரிய வேண்டுமென்று வலப்பக்கம் கேட்டு வாங்குவது அதனால்தான். துறைமுகத்தில் எந்தப் பக்கம் கரையில் ஒட்டும் என்பது மட்டும் யார் கையிலும் இல்லை. அதைக் காற்றும் நீரோட்டமும் மேடையின் அமைப்பும் தீர்மானிக்கும்.

பார்வைக்கு என்ன தடை?

பணம் கட்டி ஜன்னல் வாங்கி, திரையை விலக்கினால் ஆரஞ்சு நிறத்தில் உயிர்காப்புப் படகு! நடுத் தளங்களில் இது சகஜம். ‘அப்ஸ்ட்ரக்டட் வியூ’ என்று சிறிய எழுத்தில் போட்டு, விலையையும் குறைத்திருப்பார்கள். வெளிச்சம் போதும், காட்சி தேவையில்லை என்பவர்களுக்கு இது லாபமான பேரம். தெரியாமல் வாங்கினால்தான் வயிற்றெரிச்சல்.

அணியத்தில் நேர் எதிரே கடல் பார்க்கும் அறைகள் படத்தில் அழகாக இருக்கும். இருட்டியதும் திரையை மூடச் சொல்லிவிடுவார்கள். அறை வெளிச்சம் வெளியே போனால், மேலே கப்பல் செலுத்துகிறவர்களுக்கு இருட்டில் கடல் தெரியாது. பின்முனையில் உள்ள பால்கனிகள் பெரியவை. கப்பல் கிழித்துவந்த நீர்க்கோடு தொடுவானம் வரை தெரியும். புதுமணத் தம்பதிகள் தேடிப் பிடிப்பது இவற்றைத்தான். காற்று திரும்பினால் புகைபோக்கியின் கரித்தூள் நாற்காலியில் படியலாம். அணியத்துக்கு நடப்பதென்றால் ஒரு நடைப்பயிற்சியே முடிந்துவிடும். 2024-ல் பயணத்தைத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ 365 மீட்டர் நீளம். மறந்துபோன மூக்குக் கண்ணாடியை எடுக்க இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய் வருவதை யோசித்துப் பாருங்கள்.

கடலைப் பார்க்காத பால்கனிகளும் வந்துவிட்டன. 2009-ல் வந்த ‘ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ்’ கப்பலின் நடுவைத் திறந்துவிட்டு உள்ளே பூங்கா வைத்தது. அதைப் பார்க்கும் பால்கனிகள் கடல் பால்கனியைவிடப் பெரும்பாலும் மலிவு, காற்றும் அடிக்காது. உள்ளறைக்காரர்களுக்கும் ஆறுதல் உண்டு. 2011-ல் ‘டிஸ்னி ட்ரீம்’ வெளிக் கேமராவின் நேரடிக் காட்சியை உள்ளறைச் சுவரில் வட்ட ஜன்னல் போலக் காட்டியது. மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். பகலெல்லாம் வெளியே சுற்றிவிட்டு ராத்திரி படுக்க மட்டும் வருகிறவர்களுக்கு உள்ளறையே போதும். கும்மிருட்டில் அவ்வளவு நல்ல தூக்கம் வரும்.

பால்கனி எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. 2006 மார்ச்சில் ஜமைக்காவுக்கு அருகே ‘ஸ்டார் பிரின்சஸ்’ கப்பலில் பால்கனி ஒன்றில் பற்றிய தீ மளமளவென்று பரவி நூற்றுக்கும் மேற்பட்ட கேபின்களைப் பாதித்தது. அணைக்காத சிகரெட்தான் காரணமாக இருக்க வேண்டும் என்றது விசாரணை. அதன்பிறகு சர்வதேச விதிகள் மாறின. பால்கனித் தடுப்புகள் எரியாதவையாக இருக்க வேண்டும்; அங்கே போடும் பொருட்கள் எளிதில் தீப்பற்றாதவையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தீயறியும், தீயணைக்கும் கருவிகள் அங்கே வேண்டும் என்றானது. பால்கனியில் புகைக்காதீர்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

யாருக்கு எது?

தாத்தா பாட்டியோடு போகிறவர்களுக்கு: கப்பலின் நடுப்பகுதி, நடுத் தளம், லிஃப்ட்டிலிருந்து ஐந்தாறு கதவு. சக்கர நாற்காலி என்றால் அதற்கென்று அகலக் கதவு வைத்த கேபின்கள் உண்டு. எண்ணிக்கை குறைவு, முந்திக்கொள்ளுங்கள்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு: நான்கு பேரை ஒரே அறையில் அடைத்தால், இரண்டு படுக்கை மேலே பெர்த் மாதிரி மடக்கி வைத்ததாக இருக்கும். ஒரு பால்கனி அறைக்குத் தரும் பணத்தில், எதிரெதிரே ஒரு ஜன்னல் அறையும் ஒரு உள்ளறையும் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். இரண்டு குளியலறை கிடைப்பதே பெரிய வரம்.

முதன்முறை போகிறவர்களுக்கு: பயணம் இரண்டு மூன்று ராத்திரி என்றால் பால்கனியில் உட்கார நேரமே இருக்காது. நடுப்பகுதியில் ஒரு ஜன்னல் அறை எடுத்து, மிச்சப் பணத்தைக் கரையில் செலவழியுங்கள்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

* கேபின் நம்பர் என்ன? அது பிளானில் எங்கே இருக்கிறது?
* மேல் தளத்திலும் கீழ்த் தளத்திலும் அதே இடத்தில் என்ன இருக்கிறது?
* ஜன்னலுக்கு எதிரே உயிர்காப்புப் படகு ஏதும் உண்டா?
* பக்கத்து அறைக்குக் கதவு இருக்கிறதா?
* லிஃப்ட் எவ்வளவு தூரம்?
* சொல்லும் விலை தலைக்கா, அறைக்கா? பெரும்பாலும் இருவர் தங்கும் கணக்கில் தலைக்கு இவ்வளவு என்பார்கள்; தனியாகப் போனால் கூடும்.

‘கேரண்டி’ என்ற பொறி

சில டிக்கெட்டுகள் மற்றவற்றைவிட மலிவாக இருக்கும். பெயர் ‘கேரண்டி’ கேபின். வகை மட்டும் உறுதி. எந்த அறை என்பதைக் கம்பெனி பிறகு, சில நேரம் கப்பல் கிளம்பச் சில நாட்களே இருக்கும்போது சொல்லும். விரும்பி எடுத்தவர்கள் எடுத்தது போக மிச்சமிருப்பதுதான் வரும் என்று எதிர்பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கே படுத்தாலும் தூங்கிவிடுகிறவர்களுக்கு இது நல்ல பேரம். மயக்கம் வருகிறவர்கள், முழங்கால் வலிக்காரர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள் இந்த மலிவுக்கு ஆசைப்படக் கூடாது.

இன்னொன்று, நாம் கேட்காமலே வரும் யோகம். ‘உங்கள் கேபினை மேல் வகைக்கு மாற்றித் தருகிறோம், கூடுதல் கட்டணம் இல்லை’ என்று போன் வரும். உடனே தலையாட்டிவிடாதீர்கள். புது நம்பரைக் கேட்டு, பிளானை விரித்து, மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள். மேல் வகை இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக டிஸ்கோவுக்கு மேலே போய்ப் படுக்க வேண்டியதில்லை!